மாமாவுக்கு இங்கிலீஷ் தேடிப் பூந்தமல்லி போனது

எழுதத் துணிந்ததற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். எங்கள் மகளிர் குழுவின் ஆண்டு மலருக்கு, வெளியூர் போய்வந்தவர்கள் யாராவது பயணக் கட்டுரை தரலாம் என்றார்கள். ஒருவர் காசி யாத்திரையை எழுதியிருக்கிறார். இன்னொருவர் மகனைப் பார்க்கச் சிங்கப்பூர் போனதைப் படங்களோடு கொடுத்திருக்கிறார். நான் போனது பூந்தமல்லிக்கு. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் வெளிநாட்டு விஷயமாகத்தான் போனேன். அதனால் மலரின் கடைசிப் பக்கத்திலாவது இடம் கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் நியூசிலாந்தில் வெல்டர். போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த நாட்டில், செய்யும் வேலையும் வாங்கும் சம்பளமும் ஒரு படிக்கு மேலே போனால்தான் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ள முடியுமாம். இப்போதுதான் அந்தப் படியை எட்டினார். மனைவிக்கு ஓர் அனுமதி, பிள்ளைகள் இருவருக்கும் பள்ளிக்கூடத்தில் சேர ஓர் அனுமதி என்று விண்ணப்பித்தோம். கல்யாணப் பத்திரிகை, பதிவுச் சான்று எல்லாம் போதவில்லை. உண்மையிலேயே கணவன் மனைவியாக வாழ்கிறவர்கள்தானா என்று பார்க்க, நாங்கள் போனில் ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகளில் கொஞ்சம் வேண்டும் என்றார்கள். கூச்சத்தை விட்டு, அதிலேயே கூச்சமில்லாத செய்திகளாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். ஆவடியில் இருக்கும் நாத்தனார் அவற்றைப் பூந்தமல்லியில் ஒருவரிடம் கொடுத்து, இங்கிலீஷில் மாற்றி முத்திரை வைத்து வாங்கி அனுப்பினார்.

அதன்பிறகு நியூசிலாந்து விசா அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மதுரையில் இருக்கும் எங்கள் ஏஜென்ட் அதை வாசித்துச் சொன்னார். "விண்ணப்பதாரர் தன் கணவரை அங்கிள் என்று அழைக்கிறார். கணவர் விண்ணப்பதாரரைக் குழந்தை என்று அழைக்கிறார். இவர் உங்களுக்கு என்ன உறவு? விளக்கவும்."

நான் அவரைக் கூப்பிடுவது மாமா. அவர் என்னைக் கூப்பிடுவது புள்ள. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இதுதான். இங்கிலீஷுக்குப் போனதும் நாங்கள் வேறு யாரோ ஆகிவிட்டோம்.

அந்த வாரக் கடைசிக்குள் விளக்கம் போய்ச் சேர வேண்டும். மொழிபெயர்த்தவரே திருத்திக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். இல்லாவிட்டால் மறுத்துவிடுவார்கள், ஒரு தடவை மறுத்தால் அடுத்து எங்கே விண்ணப்பித்தாலும் அதைச் சொல்லியாக வேண்டும் என்றார் ஏஜென்ட். பிள்ளைகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

நாத்தனாரை நான் மதினி என்பேன். அவர்கள் வீடு ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில். சென்னை என்றால் ஒரே நெரிசல் என்று நினைத்திருந்தேன். இங்கே மதில் தாண்டி உள்ளே போனால் அகலத் தெரு, வேப்பமரம், வரிசையாக மஞ்சள் வீடுகள். பக்கத்து வீடு தஞ்சாவூர், எதிர்வீடு நாகர்கோவில், மாடியில் வேலூர். ஒரு குக்கர் விசிலுக்குப் பத்து ஊர்க் குழம்பு மணக்கிறது.

மதினி என்னைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏ தனம், எந்தம்பி உனக்கு அங்கிளாம்ல! அப்ப நான் உனக்கு ஆன்ட்டியா?"

"சிரிக்காதீக மதினி. ராத்திரிபூரா ரயில்ல தூங்கவே இல்ல."

"இதுக்கா கலங்குற? முதல்ல சாப்பிடு."

காலையில் இட்லிக்கு வடகறி வைத்தார். பெயரைக் கேட்டு ஆட்டுக்கறியோ என்று பயந்தேன், அன்று செவ்வாய்க்கிழமை. கடலைப்பருப்பு வடையை உதிர்த்துப் போட்டுச் செய்த குழம்பு அது. நம் ஊரில் மிஞ்சிய வடையை மாட்டுக்குப் போடுவோம். இங்கே அதற்கு ஒரு பெயர் வைத்து முதல் பந்தியில் பரிமாறுகிறார்கள். ருசி நன்றாகவே இருந்தது. இரண்டாம் முறை கேட்க வெட்கப்பட்டேன். மதினி கேட்காமலே ஊற்றினார்.

சாப்பிட்டுவிட்டு நான் தனியாகத்தான் பூந்தமல்லி கிளம்பினேன். மதினிக்கு முழங்கால் வலி. "நேரா ஒரே பஸ்ஸு. தூங்குனாக்கூடப் போய்ச் சேந்துரலாம்" என்று அனுப்பிவைத்தார்.

தூங்கியிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அன்பாக "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். "திருமங்கலம்" என்றேன். அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் என் தலைக்கு மேலே நின்றிருந்தார்.

"திருமங்கலமா? யம்மா, இது பூனமல்லி வண்டி. திருமங்கலம் அந்தாண்ட கீது. ஏறும்போதே கேக்க மாட்டியா? ஓல்டான், ஓல்டான்! நிப்பாட்டுபா, அம்மா எறங்குது!"

சென்னைக்குள்ளேயே ஒரு திருமங்கலம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் சொன்னது மதுரைத் திருமங்கலம், எனக்குப் போக வேண்டியது பூந்தமல்லிதான் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பஸ்ஸே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் இறங்கிவிட்டேன்.

பருத்திப்பட்டு என்று பலகை சொன்னது. முன்னால் பெரிய ஏரி. நம் கண்மாயைப் போலத்தான், ஆனால் சுற்றிலும் நடைபாதையும் கம்பி வேலியும் போட்டிருக்கிறார்கள். தண்ணீரில் வெள்ளைக் கொக்குகள் நின்றன. என் பிழைப்பை நினைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தபடி நின்றேன். ஷேர் ஆட்டோ ஒன்று வந்து உரசுகிற மாதிரி நின்றது.

"இன்னாக்கா, ஏரியப் பாத்துகினு நிக்கிற? பூனமல்லியா? ஏறு ஏறு."

ஏறினேன். ஓட்டுகிறவர் என் வயதுக்காரர்தான். ஒரு கையில் வண்டி, ஒரு கையில் போன்.

"மாமே, எங்க கீற? நான் பருத்திப்பட்டாண்ட வந்துகினு கீறேன். டீ சொல்லி வையி மாமே."

எங்கே இருக்கிறாய், நான் பருத்திப்பட்டுக்கு அருகில் வந்துகொண்டிருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். தாய்மாமனைப் போய் இப்படி ஒருமையில் பேசுகிறாரே என்று எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கரையான்சாவடியில் டீக்கடை ஓரம் நிறுத்தினார். அந்த மாமா இவரைவிடச் சின்னவர். இவரைப் பார்த்து அவரும் "வா மாமே" என்றார். யாருக்கு யார் மாமன்?

வாழ்க்கையில் முதல் தடவையாக முன்பின் தெரியாத ஆணிடம் நானாக ஒரு கேள்வி கேட்டேன். "அவுக உங்களுக்கு மாமாங்களா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அவனா? என் கூடப் படிச்சவன்கா. மாமேன்றது சும்மா சொல்றது. மெட்ராஸ்ல அல்லாரும் மாமேதான். போலீசுக்காரன்கூட மாமாதான். ஆனா அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லிடாத."

எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இந்த ஊரில் இந்தச் சொல் ஒரு இடத்தில் நிற்பதே இல்லை. நானா புதிதாகக் குழப்பிவிட்டேன்?

பூந்தமல்லியில் மொழிபெயர்ப்பாளரின் கடையைக் கண்டுபிடித்தபோது அங்கே செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். "குமரேசன் சாரா? அவரு ஐயப்பன்தாங்கல் போயிட்டாரு. டிப்போவாண்ட. இன்னிக்கி போனா இருக்க மாட்டாரு, நாளைக்கிப் போ" என்றார்கள். பூக்கடையில் மல்லிகை வாங்கினேன். ஊர்ப் பெயரிலேயே மல்லி இருக்கிறதே, இங்கத்துப் பூவா என்று கேட்டேன். "மதுரை மல்லிம்மா! விடியக்காலம் வண்டில வந்து எறங்கினது" என்று பெருமையாகச் சொன்னார் பூக்காரம்மா. நானும் அதே வழியில்தான் வந்து இறங்கியிருந்தேன். அதை என்னைவிடப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

அன்று மாலை வீட்டுக்காரர் கூப்பிட்டார். மதினி போனைப் பிடுங்கி "டேய் அங்கிளு" என்று ஆரம்பித்து ஓய்ந்த பிறகு என்னிடம் கொடுத்தார்.

"கொஞ்ச நாளா ஒரு மெசேஜ்லகூட மாமான்னே போட மாட்டேங்கிறியே. கோவமா புள்ள?"

அவர் சொன்னது சரிதான். கடிதம் வந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை எழுதவே கை வரவில்லை. 'சாப்பிட்டாச்சா' என்று மொட்டையாக அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"கோவம் இல்ல. அந்த ஆபீசுல யாராச்சும் படிப்பாகள்ல."

"படிச்சாப் படிச்சிட்டுப் போறாக. எனக்கு இங்க அந்த ஒரு வார்த்தைதான் வருது. மத்ததெல்லாம் இங்கிலீஷு."

அவர் சுண்டைக்காய்க் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். விண்ணப்பத்தில் என்னையும் பிள்ளைகளையும் 'டிபெண்டன்ட்' என்று போட்டிருக்கிறார்கள். அவரைச் சார்ந்து இருப்பவர்கள் என்று அர்த்தமாம். குழம்புக்குப் புளி அளவு கேட்கிறவருக்கு என்ன பெயர் என்று அதில் இல்லை.

அடுத்த நாள் மதினி முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு தானும் வந்தார். "உன்னைத் தனியா விட்டா நீ மதுரைக்கே எறங்கிப் போயிருவ." பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் வேகமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஏதோ பெரிய சண்டை என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் மதினிக்குத் தெலுங்கு பழகிவிட்டது. மெல்ல என் காதில் சொன்னார்: "மருமக ரசத்துல வெல்லம் போடுதாம். மகன் நல்லாருக்குன்னு ரெண்டாவது தடவ கேட்டானாம். அதுதான் வயித்தெரிச்சல்." எந்த மொழியாக இருந்தாலும் இவ்வளவுதான் போலிருக்கிறது.

ஐயப்பன்தாங்கல் டிப்போவில் சிவப்பும் நீலமுமாகப் பேருந்துகள் முக்கிக்கொண்டு திரும்புகின்றன. எதிரே மாடிமேல் மாடியாக வீடுகள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பிள்ளைகள் கம்பெனி வண்டிக்குக் காத்து நிற்கிறார்கள். அந்த ஓரத்தில் ஒரு ஒடுக்கமான கடை. குமரேசன் சார் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு இருந்தார். எங்களுக்கு முன்னால் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். ஈரோட்டுப் பெண், பெயர் கீர்த்தனா, அம்பத்தூரில் ஐ.டி. வேலை. கணவர் ஜெர்மனியில் இருக்கிறாராம். பிறப்புச் சான்றிதழை இங்கிலீஷில் மாற்றி வாங்க வந்திருந்தாள்.

மதினிதான் விஷயத்தைச் சொன்னார். குமரேசன் சாருக்கு முகம் இறுகிவிட்டது.

"என்னாம்மா தப்பு? மாமான்னா அங்கிள். புள்ளைன்னா சைல்டு. எந்த டிக்‌ஷனரில வேணா பாரு. இத்தினி வருஷம் தொழில் பண்றேன், ஒரு எழுத்து மாத்திப் போட்டது கெடையாது."

பழைய தாளை எடுத்து, தான் எழுதியதை ஒரு முறை தமிழில் சொல்லிக் காட்டினார்.

"'அங்கிள், சாப்பிட்டீர்களா?' 'சாப்பிட்டேன், குழந்தையே.' 'சின்னவனுக்குக் காய்ச்சல், அங்கிள்.' 'டாக்டரிடம் கூட்டிப் போ, குழந்தையே.' 'போங்க அங்கிள், உங்களோடு பேச மாட்டேன்...'"

போகப் போகக் குரல் தேய்ந்தது. கீர்த்தனா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

"சார், இதைப் படிச்சா அந்த ஊர்ப் போலீஸே வந்துரும்."

எனக்குப் போலீசும் மாமாதான் என்ற ஷேர் ஆட்டோக்காரர் ஞாபகம் வந்து, அழ வேண்டிய நேரத்தில் சிரிப்பு வந்தது.

குமரேசன் சார் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "சரி, நேராக் கேக்குறேன், தப்பா நினைச்சுக்காத. அவரு உனக்கு நெஜம்மாவே தாய்மாமனா? நம்ப ஜனங்கள்ல அக்கா பொண்ணக் கட்றதுதான்."

"இல்லீங்க. அவுக சாத்தூர்ப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னாடி பாத்ததே இல்ல."

"அப்புறம் ஏம்மா மாமான்ற?"

"வேற எப்படிங்க கூப்பிடுறது?"

குமரேசன் சார் பழைய தாளை மறுபடியும் புரட்டினார்.

"எங்க அம்மாவும் எங்க அப்பாவை மாமான்னுதானுங்க கூப்பிடுவாங்க" என்றாள் கீர்த்தனா.

"அப்பாவ மாமாவா?"

"எனக்கு அப்பா, அம்மாவுக்கு மாமா. நான் எங்க வீட்டுக்காரரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். கோபம் வந்தா 'டா'."

"'டா'வுக்கு இங்கிலீஷ்ல என்னாம்மா?" என்று கேட்டார் குமரேசன் சார். அவள் யோசித்தாள். போனில் தேடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அதன்பிறகு அவருக்கு ஓர் ஆர்வம் பிறந்துவிட்டது. கோபத்தை மறந்தார்.

"மாமான்னே இங்கிலீஷ் எழுத்துல போடலாமா?"

"சார், அந்த ஊர்ல மாமான்னா அம்மா" என்றாள் கீர்த்தனா.

"அய்யய்யோ! அப்ப அங்கிளே தேவலாம். ஹஸ்பெண்டுன்னு போடலாம். 'ஹஸ்பெண்டு, சாப்பிட்டீர்களா?'" சொல்லிப் பார்த்துவிட்டு அவரே முகத்தைச் சுளித்தார். "ரேஷன் கடைல கூப்பிடற மாதிரி கீது." பிறகு மேசையைத் தட்டினார். "புடிச்சிட்டேன். டார்லிங்! ரெண்டு பேருக்கும் அதையே போட்டுடலாம். வெள்ளைக்காரனுக்குப் புரியும், வேலை முடிஞ்சுது."

மதினிக்கும் அது பிடித்துவிட்டது. "போடுங்க சார்! எந்தம்பி டார்லிங்காம்!"

அவர் தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டார். அது சரியான வழி, அனுமதி கிடைக்கும், பிள்ளைகள் அப்பாவைப் பார்ப்பார்கள். எல்லாம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தச் சொல்லை நான் ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை. நான் சொல்லாததைச் சொன்னதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அதைவிட, அந்தத் தாளில் அவரோடு பேசுகிறவள் நானாக இருக்க மாட்டேன்.

"சார், அது வேண்டாங்க" என்றேன். நான் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். இந்த முறை கொஞ்சம் கத்திவிட்டேன் போலிருக்கிறது, மூன்று பேரும் திரும்பினார்கள்.

"அப்படியே விட்டுரலாமா?"

"எப்படியே?"

"தமிழ்லயே. அந்த ரெண்டு வார்த்தைய மட்டும்."

"அது எப்படிம்மா முடியும்? எல்லாத்தையும் இங்கிலீஷ்ல மாத்தினாத்தானே மொழிபெயர்ப்பு?" என்றவர் பாதியில் நிறுத்தினார். "அவரு பேரு என்னா?"

நான் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரைத் தொட்டுக் காட்டினேன். குமரேசன் சார் என் விரலைப் பார்த்தார், பத்திரிகையைப் பார்த்தார்.

"வாயால சொல்ல மாட்டியா?"

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

"ஆங். பேரை யாரும் மொழிபெயர்க்க மாட்டாங்க. வேலுன்னா வேலுன்னுதான் போடுவோம், ஈட்டின்னு போட மாட்டோம். உனக்கு அவரு பேரே மாமாதான். அப்ப அப்படியே நிக்கட்டும்."

தட்டச்சில் மொத்தத்தையும் திருத்தி எடுத்தார். அங்கிள் இருந்த இடமெல்லாம் மாமா, குழந்தை இருந்த இடமெல்லாம் புள்ள, தமிழ் எழுத்திலேயே. கடைசியில் ஒரு விளக்கம் சேர்த்தார். அதன் வாசகத்தை அவரும் கீர்த்தனாவும் சண்டை போட்டுக்கொண்டே எழுதினார்கள். தமிழ்ப் பெண்கள் பலர் கணவரின் பெயரைச் சொல்வதில்லை, இந்தச் சொல்லால் அழைக்கிறார்கள், இவர்கள் இருவருக்கும் ரத்த உறவு இல்லை, முந்தைய சொற்கள் மொழிபெயர்த்தவரின் பிழை என்று அதற்கு அர்த்தம். 'பிழை' என்ற சொல்லை அவரேதான் போட்டார். கீழே தன் கையெழுத்தையும் முத்திரையையும் வைத்துவிட்டு, "எல்லாருக்கும் டீ" என்று வெளியே குரல் கொடுத்தார்.

தாளை என்னிடம் நீட்டி, "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடும்மா" என்றார்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். அந்தப் பக்கம் முழுவதும் சின்னச் சின்ன எழுத்துகள், மேலிருந்து கீழே. அவற்றுக்கு நடுவே, ஒரு வரி விட்டு ஒரு வரி, மாமா, புள்ள, மாமா, புள்ள என்று இருந்தது. அந்தத் தாளில் தட்டுத்தடுமாறாமல் என்னால் படிக்க முடிந்தது எங்கள் இரண்டு பேரை மட்டும்தான். கையெழுத்துப் போட்டேன்.

படியிறங்கும்போது கீர்த்தனா என் பக்கத்தில் வந்து, "அக்கா, நானும் ஒரு நாளைக்கு மாமான்னு கூப்பிட்டுப் பார்க்கட்டுமா? பயந்துருவார்" என்றாள். கூப்பிட்டாளா என்று தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் எங்கே என்று கேட்டார். யாரும் என்னிடம் ஊர் கேட்பதற்கு முன்பே, "ரெண்டு ஆவடி" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னேன். மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மறுநாள் ஏஜென்ட் விளக்கத்தை அனுப்பினார். கிடைத்தது, பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. மதினி வடகறி செய்தார். நான் போனை எடுத்து, 'சாப்டீகளா மாமா' என்று அனுப்பினேன். 'சாப்டேன் புள்ள. குழம்புல புளி தூக்கல்' என்று வந்தது.